பதின்மூன்றாம் இடத்துக்கும் ஒரு செய்தி உண்டு

தமிழ் நாளிதழ்களில் விளையாட்டுப் பக்கம் தயாரிக்கும் இளைய நண்பர்களுக்கு,

கிரிக்கெட் இல்லாத நாளில் அந்தப் பக்கத்தை நிரப்புவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பல வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் குறையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தத்து போகனலைப் பற்றியது. பெயர் ஞாபகம் இருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து துடுப்புப் படகுப் போட்டிக்குப் போன ஒரே ஆள். அவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்தவற்றை அண்மையில் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் அதே கதை. நாசிக் மாவட்டம் சாந்த்வட் வட்டாரத்தில் தலேகாவ் ரோஹி என்ற வறண்ட கிராமம். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டிய பையன். அப்பா இறந்த பிறகு ராணுவத்தில் சேர்கிறார். தண்ணீரைக் கண்டால் பயம். ஒலிம்பிக் நெருங்கும் நேரத்தில் அம்மா விபத்தில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறார்.

இதில் ஒன்றும் பொய்யில்லை. எழுதக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அத்தனை கட்டுரைகளையும் படித்து முடித்தவரிடம் போய், "அந்த ஆள் எப்படிப் படகு விடுவார்?" என்று கேட்டால் பதில் இருக்காது. கிணற்றின் ஆழம் வரைக்கும் எழுதிய நாம், அவர் ரியோவில் எத்தனை பந்தயம் ஓடினார், எதில் எத்தனையாவதாக வந்தார் என்று எழுதவில்லை. கடைசியில் "பதக்க வாய்ப்பை இழந்தார்" என்று ஒற்றை வரி. அதற்கும் அடுத்த நாள் அவர் பெயரே கிடையாது. அவர் பந்தயங்களோ அதன் பிறகும் நடந்துகொண்டிருந்தன.

அந்தப் பந்தயங்களைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒற்றையர் பிரிவில் 32 பேர். முதல் சுற்றில் ஆறு பந்தயம். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேர் நேராகக் காலிறுதிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ரெப்பஷாஜ் என்று இன்னொரு வாய்ப்புச் சுற்று உண்டு. அதில் தேறுகிறவர்களும் காலிறுதியில் சேர்ந்துகொள்வார்கள். காலிறுதியில் முதல் மூன்று இடம் பிடித்தால் பதக்கப் பக்கத்து அரையிறுதி. நான்காவதாக வந்தால் அடுத்த படியில் இருக்கும் அரையிறுதி. தத்து முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தார், 7 நிமிடம் 21.67 விநாடி. ரெப்பஷாஜுக்குப் போகத் தேவையே இல்லாமல் போயிற்று. காலிறுதியில் 6 நிமிடம் 59.89 விநாடி, நான்காவது இடம். ஒரே ஒரு இடத்தில் மேல்வரிசை அரையிறுதி தவறிப்போனது. அதற்கடுத்த அரையிறுதியில் இரண்டாவதாக வந்து, ‘இறுதி சி’ என்ற பந்தயத்தில் 6 நிமிடம் 54.96 விநாடியில் முதலாவதாக முடித்தார். அந்தப் பந்தயத்தில் முதலிடம் என்றால் மொத்தத்தில் 13-வது இடம்.

‘இறுதி சி’ என்றதுமே, பள்ளிக்கூடத்தில் சி பிரிவுப் பிள்ளைகளைப் பார்ப்பது போல நம் மேஜையில் ஒரு பார்வை விழும். ஆனால் துடுப்புப் படகில் இந்த எழுத்துகள்தான் உலக வரிசையையே தீர்மானிக்கின்றன. ‘இறுதி ஏ’ ஒன்று முதல் ஆறு வரை, ‘பி’ ஏழு முதல் பன்னிரண்டு, ‘சி’ பதின்மூன்று முதல் பதினெட்டு. பதக்கம் கைவிட்டுப் போன பிறகும் யாரும் மூட்டை கட்டி ஊருக்குப் போவதில்லை. தன் இடம் எது என்று தண்ணீரில் சண்டை போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். 2024 பாரிஸில் பல்ராஜ் பன்வார் 23-வது என்று செய்தி வந்ததே, அது ‘இறுதி டி’யில் ஐந்தாவதாக வந்ததன் கணக்கு. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும் எடை குறைந்தோர் இரட்டையரில் 11-வது இடம் பிடித்தது ‘இறுதி பி’ வழியாக. ஒலிம்பிக் ஒற்றையரில் தத்துவுக்கு முன்னால் போன இந்தியர்களில் பஜ்ரங் லால் தாக்கர் பெய்ஜிங்கில் 21-வது, ஸ்வரண் சிங் லண்டனில் 16-வது. அதற்கப்புறம் தத்து, 13. எட்டு வருஷத்தில் மூன்று ராணுவ வீரர்கள் ஒரே பந்தயத்தில் படிப்படியாக மேலே ஏறி வந்திருக்கிறார்கள். இது எந்தப் பத்திரிகையிலும் முதல் பத்தியாக வந்திருக்க வேண்டிய செய்தி.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் சுற்றில் 7:21, காலிறுதியில் 6:59. இடையில் சில நாள்தான். ஒரு மனிதர் அதற்குள் இருபத்திரண்டு விநாடி தேறிவிடுவாரா? மாட்டார். ரியோவின் லகோவா ஏரியில் முதல் நாள் அடித்த காற்று அப்படி. அன்றைக்கு செர்பியாவின் இருவர் படகு கவிழ்ந்தே போனது. மறுநாள் காற்றுக்குப் பயந்து எல்லாப் பந்தயங்களையும் நிறுத்தி வைத்தார்கள். எதிர்க்காற்று, பின்காற்று, தண்ணீர் என்று எல்லாமே நேரத்தில் கை வைக்கும். அதனால்தான் இந்த விளையாட்டில் உலக சாதனை என்று யாரும் சொல்வதில்லை, உலகின் சிறந்த நேரம் என்றுதான் சொல்வார்கள். "தன் நேரத்தை 22 விநாடி மேம்படுத்தினார்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அதே பந்தயத்தில் பக்கத்துத் தடத்துக்காரர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். அதே ரியோவில் ஒற்றையர் தங்கத்துக்கு நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினும் மோதினார்கள். இருவருக்கும் 6:41.34, நூறில் ஒரு பங்கு விநாடி கூட வித்தியாசம் இல்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள். இரண்டு கிலோமீட்டர் துடுப்புப் போட்டு அந்த முடிவு. நம் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

சரி, தண்ணீரைக் கண்டால் பயம் என்ற விஷயத்துக்கு வருவோம். இதைத்தான் எல்லோரும் வியந்து வியந்து எழுதினோம். ராஜஸ்தானின் சீகர் பக்கத்திலிருந்து வந்த பஜ்ரங் லாலைப் பற்றி எழுதும்போதும் பாலைவனத்துப் படகுக்காரர் என்று அதே வியப்பு. கொஞ்சம் யோசித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை என்று தெரியும். நீந்தத் தெரிய வேண்டும், அது பாதுகாப்புக்கு. ஜெயிக்கத் தேவைப்படுவது நீளமான கைகால், பெரிய நுரையீரல், மாதக்கணக்கில் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்யும் குணம். சிறு வயதில் தொடங்காவிட்டால் முடியாது என்பது ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. பிரிட்டனில் 2007-இல் உயரமான இளைஞர்களைத் தேடி ஒரு திட்டம் போட்டார்கள். அதன் வழியாக ஹெலன் குளோவர் 2008-இல் முதல்முறையாகத் துடுப்பைப் பிடித்தார். 2012-இல் ஹெதர் ஸ்டேனிங் என்ற ராணுவ அதிகாரியோடு சேர்ந்து, லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் முதல் தங்கத்தை வாங்கினார். நான்கு வருஷம்.

தத்து ராணுவத்தில் சேர்ந்தது 2012. ஒலிம்பிக் 2016. அதே நான்கு வருஷம். குளோவரைப் பற்றி எழுதும்போது அந்நாட்டுப் பத்திரிகைகள் தேர்வுத் திட்டத்தையும் பயிற்சி முறையையும் பேசின. தத்துவைப் பற்றி எழுதும்போது நாம் வறுமையைப் பேசினோம். உண்மையில் பேசியிருக்க வேண்டியது ராணுவத்தைப் பற்றி. புனேயில் ராணுவத்தின் துடுப்புப் படகுப் பயிற்சி மையம் இருக்கிறது. ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பந்தயத்துக்கென்றே வெட்டிய நீர்ப்பாதை இருக்கிறது. கிராமத்திலிருந்து சிப்பாயாகச் சேரும் உயரமான பையன்களை அங்கே கூட்டிப்போய், சோறு போட்டு, சம்பளம் கொடுத்து, நாள் முழுக்கத் துடுப்புப் போட வைக்கிறார்கள். நல்ல ஒற்றையர் படகு ஒன்று பல லட்சம் ரூபாய். நேரான, அலையில்லாத இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் வேண்டும். வேலைக்குப் போகாமல் வருஷம் முழுதும் பயிற்சி வேண்டும். இது மூன்றையும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய இடம் இந்தியாவில் வேறு எத்தனை? நம் சர்வதேசத் துடுப்பு வீரர்களில் பெரும்பாலோர் சீருடைக்காரர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், சிவிலியன் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஏன் இது எட்டவில்லை என்ற அடுத்த கேள்வியும் தானாக வந்திருக்கும். தத்துவின் கிணறு அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது.

இனி பாலெம்பாங். 2018 ஆசிய விளையாட்டில் துடுப்புப் படகு நடந்த இடம் அதுதான். ஆகஸ்ட் 23 அன்று ஒற்றையர் இறுதிப் போட்டியில் தத்து பாதியில் ஓய்ந்து, கடைசியாக வந்தார். உடம்பு சரியில்லை என்றார். மறுநாள் காலை ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் படகில் உட்கார்ந்தார். 6 நிமிடம் 17.13 விநாடி. தங்கம். இந்தோனேசியாவுக்கு வெள்ளி, தாய்லாந்துக்கு வெண்கலம். 2010-இல் குவாங்சோவில் பஜ்ரங் லால் ஒற்றையரில் வாங்கியதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டாவது துடுப்புப் படகுத் தங்கம் அது.

அத்தோடு கதை முடியவில்லை. 2019 மார்ச்சில் இந்தியத் துடுப்புப் படகுச் சம்மேளனம் தத்துவுக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. காரணம், அந்த ஒற்றையர் பந்தயத்தில் அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்பது. 2020 ஜனவரியில் தடை நீக்கப்பட்டது. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்பெழுத நான் வரவில்லை. தண்டனை அளவுக்கு மீறியது என்பது மட்டும் என் அபிப்பிராயம். நான் கேட்பது வேறு. தடை என்ற செய்தியை எல்லோரும் போட்டோம். ஒரு துடுப்பு வீரர் பந்தயத்தின் நடுவில் நின்றுபோவது என்றால் உடம்பில் என்ன நடக்கிறது என்று எவராவது எழுதினோமா?

இரண்டாயிரம் மீட்டர் ஒரு வினோதமான தூரம். ஓட்டப்பந்தயத்தில் அரைகுறையாக ஓடி ஒப்பேற்றலாம். இங்கே முதல் இருநூறு மீட்டரை வேகமாகப் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மற்ற படகுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஏனென்றால் துடுப்பு வீரர் பின்னோக்கித்தான் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகிறவருக்கு எல்லோரையும் தெரியும். பின்தங்கியவருக்கு யாரையும் தெரியாது. அந்த முதல் வேகத்தில் தசைகளில் சேரும் அமிலத்தைச் சுமந்துகொண்டு, நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் துடுப்பு வீச்சு என்ற கணக்கில் நடுவில் ஆயிரம் மீட்டரைக் கடக்க வேண்டும். கடைசி இருநூற்றைம்பதில் மறுபடி வேகம். ஆறு ஏழு நிமிஷத்துக்கு உடம்பில் இருக்கும் பெரிய தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆக்ஸிஜன் கேட்கும். காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ இருந்தால் இந்தக் கணக்கு எங்கேயோ உடையும். தத்து ஓய்ந்த மறுநாள் அதே பாலெம்பாங்கில் துஷ்யந்த் சௌகான் எடை குறைந்தோர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். பதக்க மேடையில் நிற்கவே திணறி ஸ்ட்ரெச்சரில் போனார். அவரைப் போராளி என்று எழுதினோம். ஒருவருக்கு உடம்பு எல்லைக்கோட்டுக்கு அப்புறம் விழுந்தது, இன்னொருவருக்கு அதற்கு முன்னால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதியிருந்தால், வாசகர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

இதெல்லாம் எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்குச் சாக்குச் சொல்லவே வழியில்லை. 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. ஒரு விடியற்காலை அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஆற்று வாசனையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றையர் படகு எட்டு மீட்டருக்கு மேல் நீளம். சர்வதேச விதிப்படி எடை 14 கிலோவுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். அகலம் ஏறக்குறைய ஒரு அடி. அதில் ஏறி உட்கார்ந்தவர் இரண்டு துடுப்பையும் விட்டுவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். துடுப்புகள்தான் படகை நிற்க வைக்கின்றன. ஷூ படகோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் சின்ன சக்கரங்கள், தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டையில் முன்னும் பின்னும் ஓடும். வீரர் முழங்காலை மார்பு வரை மடக்கி முன்னால் வருவார், தட்டையாகத் தண்ணீருக்கு மேல் வந்துகொண்டிருக்கும் துடுப்பு இலையை மணிக்கட்டால் திருப்பி நிமிர்த்துவார், தண்ணீரில் இறக்குவார். அடுத்து காலை உதைப்பார். அதற்கப்புறம்தான் முதுகு, கடைசியில் கை. படகை ஓட்டுவதில் பெரும்பங்கு கால்களுடையது. "தோள் வலிமையால் வென்றார்" என்று இனி எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நல்ல வீரர் துடுப்பை இறக்கும்போது தண்ணீர் சிதறாது. சிதறினால் படகு ஒரு கணம் தயங்குகிறது என்று அர்த்தம். கரையில் நின்றே அதைப் பார்க்கலாம். துடுப்புப் போடுகிறவர்களிடம் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.

படம் தேர்வு செய்கிறவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. ஆசிய விளையாட்டுத் துடுப்புப் படகுச் செய்திக்கு கயாக் படம் போட்ட பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஆலப்புழைப் பாம்புப் படகே வந்திருந்தது. அடையாளம் சுலபம். கயாக்கிலும் பாம்புப் படகிலும் ஆட்கள் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், துடுப்பு கையில் மட்டும் இருக்கும். நம் விளையாட்டில் முதுகு போகும் திசையில் இருக்கும், துடுப்பு படகோடு பூட்டியிருக்கும்.

முடிவுகள் வந்ததும் அச்சுக்குப் போக இருபது நிமிஷம்தான் இருக்கும், அதுவும் தெரியும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் 500, 1000, 1500 மீட்டரில் யார் எங்கே இருந்தார்கள் என்று இடைநேரம் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் பந்தயத்தின் கதை தெரிந்துவிடும். ஒருவர் முதல் ஐந்நூறில் முன்னால் போய்க் கடைசியில் கரைந்தாரா, அல்லது பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிடித்தாரா என்று இரண்டு வரியில் எழுதலாம். வீரரிடம் பேசக் கிடைத்தால் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் எந்தத் தடம் கிடைத்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, மூன்றாவது ஐந்நூறில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த ஆளும் முகம் மலர்ந்து பேசுவார். தன் ஏழ்மையைப் பற்றி நூறாவது முறை கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்.

2016-இல் நமக்கு நாற்பது சொல் இடம்தான் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். "ஒற்றையர் துடுப்புப் படகில் இந்தியாவின் தத்து போகனல் 13-வது இடம் பிடித்தார். காலிறுதியில் ஒரு இடத்தில் மேல்வரிசை அரையிறுதியைத் தவறவிட்ட அவர், இறுதி ‘சி’ பந்தயத்தில் முதலாவதாக வந்தார். இப்பிரிவில் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்வரண் சிங் பெற்றது 16-வது இடம்." சரியாக முப்பது சொற்கள். கிணறு இல்லை, கண்ணீர் இல்லை, ஆனால் வாசகருக்கு ஒரு விளையாட்டு வீரர் தெரிகிறார். அந்தக் கட்டத்தைத் தாண்டி இடம் கிடைத்தால் கிணற்றையும் தாராளமாகச் சேருங்கள்.

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் துடுப்புப் படகில் இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம் கிடைத்தன. எட்டு பேர் ஓட்டும் பெரிய படகிலும் வெள்ளி வந்தது. இன்னும் பல பேர் வரப்போகிறார்கள். ஒரு தகவலை இப்போதே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வையுங்கள்: பாரிஸோடு எடை குறைந்தோர் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. 2028-இல் லாங் பீச்சில் பந்தயம் 1932-இல் பயன்படுத்திய அதே நீர்நிலையில். தூரம் 1500 மீட்டர்தான். முதல் நாள் யாராவது ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால் "வரலாற்றுச் சாதனை" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு துணை ஆசிரியர்